அரிட்டாபட்டியில் ஒரு மாட்டுப்பொங்கல் காலை

ஒத்தக்கடை டீக்கடையில் நாங்கள் கூடும்போது மணி ஆறாகப் பத்து நிமிடம் இருந்தது. எதிரே யானைமலை இருட்டில் தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. மாட்டுப்பொங்கல் அன்று அந்நேரத்துக்குக் கடை திறந்திருப்பதே பெரிது. டீ 15 ரூபாய், பருப்பு வடை இன்னும் எண்ணெயில் இருந்தது. மேலூர்ப் பக்கமிருந்து காளைகளை ஏற்றிய சின்ன லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் பாலமேட்டு ஜல்லிக்கட்டுக்கு. ஊரே வாடிவாசலைப் பார்த்துப் போகும் நாளில் நாங்கள் மட்டும் எதிர்த்திசையில், அரிட்டாபட்டிக்கு, பறவை எண்ணக் கிளம்பியிருந்தோம்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில், இருக்கிற இடத்திலேயே, வீட்டு மாடியோ கண்மாய்க் கரையோ, 15 நிமிடத்துக்குக் குறையாமல் நின்று கண்ணில் பட்ட எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும். எழுதியதை 'இ-பேர்ட்' தளத்தில் ஏற்றிவிட வேண்டும். இதற்குச் சம்பளம் கிடையாது, சான்றிதழை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. அப்புறம் எதற்குப் பண்டிகை நாளில் வீட்டை விட்டு வருகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் ஒட்டிக்கொண்டேன்.

வந்திருந்தவர்கள் ஐந்து பேர். ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எல்லோருக்கும் அவர் 'ஐயா'. அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர். வங்கியில் வேலை பார்க்கும் அக்கா. வில்லாபுரத்தில் ஆட்டோ ஓட்டும் தம்பி. தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவி. வேலையில், வயதில், வருமானத்தில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். டீ கைக்கு வருவதற்குள் போன வாரக் கதைகள் ஆரம்பித்துவிட்டன.

"நம்ம தெருவுல ஒரு வீட்டுப் பாத்ரூம்ல பாம்பு ஐயா. கட்டுவிரியன், கட்டுவிரியன்னு ஒரே சத்தம். கம்பு எடுத்துட்டாய்ங்க" என்றார் ஆட்டோத் தம்பி.

"பட்டை எங்கிட்டு ஆரம்பிச்சுச்சு?" என்று மட்டும் கேட்டார் ஐயா.

"கழுத்துலயே ஆரம்பிச்சிருச்சு. வால் பக்கம் போகப்போக மங்கலா இருந்துச்சு."

"அப்ப வெள்ளிக்கோல் வரையன்."

"அதத்தான் சொல்லி, வாளியக் கவுத்து வெளிய கொண்டுபோய் விட்டேன்."

கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் பட்டை மங்கி, வாலை நோக்கித் தெளிவாகும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு அது அப்படியே தலைகீழ். இந்த ஒரு விஷயம் தெரிந்த ஒருவர் தெருவில் இருந்தால் வருஷத்துக்குச் சில பாம்புகளாவது பிழைக்கும். அடுத்து வங்கி அக்காவின் முறை. அவர் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரப் பொந்தில் ஒரு சோடி புள்ளி ஆந்தை இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் ஆந்தை ஆகாது என்று மரத்தையே வெட்டச் சொல்கிறாராம். பொங்கல் சாக்கில் அவர் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பி, கூடவே ஆந்தை எலி பிடிக்கிற கதையையும் சொல்லி அனுப்பியிருக்கிறார் அக்கா. "எலின்னதும் கொஞ்சம் யோசிக்கிறாரு" என்றார். மகளுக்குத் தேர்வு, அம்மாவுக்கு மூட்டு வலி, வங்கியில் ஆள் பற்றாக்குறை என்று பேச்சு எங்கெங்கோ போய், மறுபடி ஆந்தைக்கே வந்து நின்றது.

மதுரையிலிருந்து அரிட்டாபட்டி ஏறத்தாழ 25 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் காற்றின் வாசம் மாறியது. அறுவடைக்கு நிற்கும் நெல்லும் நனைந்த வைக்கோலும் சாணப்புகையும் கலந்த வாசம். மேலூர்ச் சீமையில் பெரியாற்றுப் பாசனம் ஒரு போகத்துக்குத்தான். தை பிறக்கும்போது கதிர் தலை சாய்ந்திருக்கும். வீட்டு நிலைகளிலெல்லாம் ஆவாரம்பூ, சிறுபீளை, வேப்பிலை சேர்த்துக் கட்டிய காப்பு தொங்கியது. சில சுவர்களில் டங்ஸ்டன் சுரங்க எதிர்ப்பு வாசகங்கள் இன்னும் மிச்சமிருந்தன. மழையில் பாதி எழுத்து போயிருந்தது. 'டங்ஸ்டன்' என்ற சொல் மட்டும் தடித்த சிவப்பில் எழுதப்பட்டிருந்ததால் அழியாமல் நின்றது.

ஊர் எல்லையில் வனத்துறைப் பலகை. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் இது. 2022 நவம்பரில், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் கீழ் அறிவித்தார்கள். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் பக்கத்து மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், மூன்று தடுப்பணைகள், 250 வகைப் பறவைகள் என்பது அரசு தந்த கணக்கு. தேவாங்கு, மலைப்பாம்பு, எறும்புத்தின்னி ஆகியவையும் பட்டியலில் உண்டு. பலகையை நான் நின்று படித்துக்கொண்டிருக்கையில் ஆசிரியர் தோளைத் தொட்டார். "பலகைய அப்புறம் படிக்கலாம் சார், கண்மாய்ல இப்பப் பாத்தாத்தான் உண்டு."

ஆனைகொண்டான் கண்மாய் நிறைந்து கிடந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வெட்டியது என்கிறார்கள். கரையின் மேற்கு முனையில் நாலைந்து பேர் காளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் பிரியால் தேய்க்கத் தேய்க்கக் காளையின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. கரைமேல் சிவப்பும் பச்சையுமாய்க் கொம்புக்கு அடிக்கும் பெயின்ட் டப்பாக்கள், புது மூக்கணாங்கயிறு, ஒரு செல்போனில் பாலமேட்டு நேரலை. இவ்வளவு ஆரவாரத்துக்கும் நூறடி தள்ளி நாமக்கோழிகள் கூட்டமாய் மிதந்துகொண்டிருந்தன.

மாணவி செல்போனில் நேரத்தை ஓடவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. யாரும் 'ஆகா' என்று கத்தவில்லை. பெயரும் எண்ணிக்கையும் மட்டும்.

"புள்ளிமூக்கு வாத்து, பதினாலு."

"முக்குளிப்பான் ஆறு... முங்குனது ரெண்டு, இருங்க, எந்திரிக்கட்டும்."

"நீலவால் பஞ்சுருட்டான், கம்பில, மூணு."

"செந்நாரை ஒண்ணு, கோரைக்குள்ள."

அந்தச் செந்நாரையை எனக்குக் காட்ட அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. காய்ந்த கோரைத் தட்டைகளுக்கு நடுவே கழுத்தை நீட்டி நின்றது. செம்பழுப்புக் கழுத்தின் பக்கவாட்டில் கறுப்புக் கோடு ஓடுகிறது. தட்டையின் நிழலும் அதே அகலத்தில், அதே போக்கில் விழுந்திருக்கிறது. பறவை அசையாதவரை தட்டை எது, கழுத்து எது என்று பிரிக்க முடியவில்லை. பின்பு ஒரு தட்டை மட்டும் மெல்ல வளைந்தது. காற்றே இல்லாதபோது ஒன்று மட்டும் வளைந்ததால்தான் பறவையைக் கண்டேன். அக்காவின் பைனாகுலர் எட்டாயிரம் ரூபாய். மூன்று மாதம் சீட்டுக் கட்டி வாங்கியதாம். ஐயாவிடம் பைனாகுலரே இல்லை. குரலைக் கேட்டே பாதிப் பட்டியலை எழுதிவிடுகிறார்.

காளை குளிப்பாட்டிய பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கரையேறி வந்தார். "பறவை பாக்கவா வந்திருக்கீக? போன மாசம் வந்திருக்கணும். றெக்கையெல்லாம் ரோஸ் கலரு. பூநாரை கூட்டங்கூட்டமா எறங்குச்சு. அங்கிட்டு அந்த மேட்டுல."

பூநாரை என்றால் செய்திதான். ஆனாலும் யாரும் உடனே எழுதவில்லை. அவர் சொன்னதை மறுக்கவும் இல்லை. ஆசிரியர் மட்டும் கேட்டார், "மூக்கு எப்புடிய்யா இருந்துச்சு? கீழ வளைஞ்சா, நீட்டா?"

"நீட்டா, மஞ்சளா."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் விடையும் பறந்து வந்தது. வடக்கிலிருந்து நான்கு பெரிய நாரைகள் தாழ வந்து அதே மேட்டில் இறங்கின. மஞ்சள் அலகு, மார்பில் கறுப்புப் பட்டை, முதுகின் கடைசியில் இளஞ்சிவப்புச் சிறகுகள். சங்குவளை நாரை. பெரியவர் கையை நீட்டி, "இதான், இதேதான்" என்றார். அவர் கண்டது உண்மை, நிறமும் உண்மை. பெயர்தான் வேறு. பைனாகுலரைப் பெரியவர் கையில் கொடுத்து, குமிழைத் திருகி, வளைந்த மூக்குக்கும் நீட்டு மூக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். காளையை விட்டுவிட்டுப் பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாரைகள் நான்கு என்று பட்டியலில் ஏறின. போன மாதத்துக் கூட்டம் ஏறவில்லை. கேட்டதைக் கேட்டதாக அக்கா தன் நோட்டில் தனியே குறித்துக்கொண்டார்.

கண்மாயிலிருந்து இடைச்சி மண்டபத்துக்கு வயல் வரப்பிலும் பாறையிலுமாக நடந்தோம். ஊர்க்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். முற்காலப் பாண்டியர் காலத்தில் குன்றைக் குடைந்து எழுப்பிய சிவன் கோயில், 1200 ஆண்டுகளுக்கு முந்தையது. கருவறை லிங்கமும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியது. வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் கைத்தடியோடு அமர்ந்த லகுலீசர். பாசுபத சைவத்தின் குருவான இவருடைய சிற்பம் தமிழகத்தில் அரிது. நான் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோத் தம்பியோ கூரையின் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சேற்று உருண்டைகளால் ஒட்டிய தகைவிலான் கூடு. இன்னும் ஈரம் காயவில்லை. கண்மாய்க் கரைச் சேறு என்று நிறத்திலேயே தெரிந்தது. லகுலீசருக்கு நேர்மேலே பறவை உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. பூசாரி விளக்குக்கு எண்ணெய் ஊற்றியபடி, "அதக் கலைக்கிறதில்ல. வருஷா வருஷம் வரும்" என்றார்.

அங்கிருந்து மலையடிவாரம். இந்தக் குன்றுகளின் பெயர் வெளியூர்க்காரருக்குத் தெரிய வந்ததே வேட்டைப் பறவைகளால்தான். ஷாகீன் வல்லூறு, லகர் வல்லூறு, பொனெல்லி கழுகு என மூன்றையும் அரசு அறிவிப்பே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. செங்குத்தான பாறை முகமும் அதன் கீழே வயலும் கண்மாயுமாக இப்படி ஒருசேர அமைவது இவற்றுக்கு வேண்டிய அமைப்பு. உயரத்தில் உட்கார இடம் உண்டு, காலடியில் புறாவும் கௌதாரியும் முயலும் உண்டு. 'இங்கே எந்நேரமும் வல்லூறு பறக்கும்' என்று மதுரையில் பலர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தபோது வானத்தில் ஒரு கள்ளப்பருந்துகூட இல்லை.

ஐயா வானத்தைப் பார்க்கவேயில்லை, பாறையைத்தான் பார்த்தார். "அந்த விளிம்புக்குக் கீழ பாருங்க." கருஞ்சாம்பல் பாறையில், முக்கால்வாசி உயரத்தில், சுண்ணாம்பு வழிந்த மாதிரி நீண்ட வெள்ளைக் கோடுகள். எச்சம். ஒரே விளிம்பில் நாள்கணக்கில் பறவை உட்கார்ந்தால் மட்டும் விழும் கோடுகள். மேல் பாதி மங்கி மஞ்சளேறியிருந்தது, கீழே புதிதாய் வெள்ளை. இப்போது இல்லாவிட்டாலும் பறவை இங்கேதான் உட்காருகிறது என்பதில் சந்தேகமில்லை.

அதற்கு நேர் கீழே, உருண்டு கிடந்த பாறைகளுக்கிடையே, மாணவி இறகுகளைக் கண்டுபிடித்தாள். சாம்பல் நிறப் புறா இறகுகள் ஒரு தட்டையான பாறையைச் சுற்றி வட்டமாய் இறைந்து கிடந்தன. நானும் குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தண்டு அடிவரை முழுசாக இருந்தது. நுனி கூர்மை கெடவில்லை, கடித்த தடம் இல்லை. பூனையோ கீரியோ பிடித்திருந்தால் இறகைக் கொத்தாகக் கடித்து இழுக்கும், தண்டு பாதியில் நசுங்கியிருக்கும். வல்லூறு ஒவ்வோர் இறகாக அலகால் பிடுங்கும். பாறையின் நடுவில் ஒரு மார்பெலும்பு. அதன் விளிம்பில் முக்கோணமாய்ச் சிறு வெட்டுகள். அலகு இறங்கிய இடம் அது. பறவையைப் பார்க்காமலே அது சாப்பிட்ட மேசையைப் பார்த்துவிட்டோம். ஆசிரியர் அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தார். எலும்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தோம்.

வெயில் ஏறியதும் மேலே சூடு காற்று எழும்பியது, பறவைகளும் எழும்பின. முதலில் தெரிந்தது பெரிய கழுகு. குன்றின் உச்சிக்குப் பின்னாலிருந்து வந்து எங்களுக்கு இணையான உயரத்தில் ஒரு வட்டமடித்துத் திரும்பியது. திரும்பிய கணத்தில் முதுகின் நடுவில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. அதன் பின்னே இன்னொன்று. பொனெல்லி கழுகு, சோடியாக வேட்டையாடும் பழக்கம் இதற்கு உண்டு. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள். எழுதினார்கள்: இரண்டு.

அடுத்து வந்ததில்தான் சிக்கல். சிறிய உருவம், கூரிய இறக்கை, சூரியன் இருந்த பக்கம். விளிம்பை விட்டு விழுந்ததுபோல் கீழே பாய்ந்து, பனை வரிசைக்கு அப்பால் போய்விட்டது. மூன்று விநாடி இருந்தால் அதிகம்.

"ஷாகீன் அக்கா! வயிறு செம்பழுப்பு" என்றாள் மாணவி.

"எனக்கு வயிறே தெரியல. கறுப்பாத்தான் தெரிஞ்சுது" என்றார் அக்கா.

"லகரா இருக்கவும் வாய்ப்பிருக்கே" என்றார் ஆசிரியர். லகர் வல்லூறுக்கு வயிறு வெளுத்திருக்கும், முகத்து மீசைக்கோடு மெல்லியது. ஷாகீனுக்குத் தலையும் கன்னமும் கருமை, வயிறு செம்பழுப்பு. நல்ல வெளிச்சத்தில் குழப்பமே வராது. இங்கே வெளிச்சம் எதிரில். மாணவிக்கு ஷாகீன் இதுதான் முதல் தடவை, அதனால் விட்டுக்கொடுக்க மனசில்லை. கண் கலங்கும் அளவுக்கு வாதாடினாள். ஐயா கடைசியாகச் சொன்னார், "தாயி, நீ பாத்தது ஷாகீனாவே இருக்கட்டும். உன் நோட்டுல எழுதிக்க. இந்தப் பட்டியல்ல, வல்லூறு, இனம் உறுதியில்லைன்னு போடு. நாளைக்கு ஒருத்தன் இதை நம்பி இந்த மலையப் பத்திப் பேசுவான். அவன் தலைகுனியக் கூடாது."

அவள் அப்படியே பதிந்தாள். எனக்கு அந்த இடத்தில்தான் இவர்கள் கூட்டத்தின் அருமை புரிந்தது. 250 வகை என்று அரசுப் பலகையில் இருக்கும் எண் சும்மா வந்திருக்காது. யாரோ வெயிலில் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் இப்படிச் சண்டை போட்டு, சந்தேகமானதைத் தள்ளிவைத்துச் சேர்த்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆசைப்பட்டதையும் கேள்விப்பட்டதையும் சேர்த்து முந்நூறு என்று எழுதியிருந்தால் முதல் கேள்வியிலேயே சரிந்திருக்கும்.

கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வழவழப்பான கற்படுக்கைகள், தலைமாட்டில் உயர்ந்த மேடு. மேலே, மழைநீர் உள்ளே இறங்காமலிருக்கப் பாறையில் வெட்டிய காடி விளிம்பு. அதன் கீழே தமிழ்பிராமி எழுத்துகள். ஒன்று 1971-இலும் மற்றொன்று 2003-இலும் கண்டறியப்பட்டவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்களுக்குக் குகையைக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. நெல்வெளியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் ஒருவர், இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் மற்றவர். கொடுத்தவர் பெயர், ஊர், தகப்பன் பெயர், கொடுத்த பொருள். அவ்வளவுதான். ஒரு சொல் கூடுதலாக இல்லை. பக்கத்துப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பம், அடியில் வட்டெழுத்து. அதில் இந்த மலைக்குத் திருப்பிணையன்மலை என்று பெயர்.

அக்கா டிபன் கேரியரைத் திறந்தார். பொங்கல், கத்திரிக்காய்க் கொத்சு. ஆட்டோத் தம்பி வழியில் வாங்கிய பனங்கிழங்கு, பத்துக் கிழங்குக் கட்டு 60 ரூபாய். உரித்து நார் எடுத்து ஆளுக்கொன்று நீட்டினார். சாப்பிடும்போது மூன்று பேருக்கு வீட்டிலிருந்து போன். "மாட்டுக்குப் பொங்கல் வைக்க நேரமாச்சு, வர்றீங்களா இல்லையா" என்று ஆசிரியரின் மனைவி கேட்டது குகைக்குள் எதிரொலித்து எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஐயாவுக்கு மட்டும் போன் வரவில்லை. அவர் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் ஞாயிறுதோறும் கண்மாய்க்கு வர ஆரம்பித்தார் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். வராத ஞாயிற்றில் யாராவது ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார்களாம்.

குகைக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து எங்களோடு உட்கார்ந்தார். ஒரு கிழங்கை வாங்கிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். "அழுங்கு இருக்கு இங்க. ராத்திரி வரும். எடத்தக் காட்டவா?"

அழுங்கு என்றால் எறும்புத்தின்னி. மாணவியின் கண் விரிந்தது. ஆனால் ஐயா கையைத் தூக்கித் தடுத்தார். "வேண்டாய்யா. எங்களுக்கும் காட்ட வேண்டாம், வேற யாரு கேட்டாலும் காட்டாதீங்க." செதிலுக்காக உலகிலேயே அதிகம் கடத்தப்படும் பாலூட்டிகளில் எறும்புத்தின்னியும் ஒன்று. தேவாங்கையும் மாந்திரீகத்துக்கென்று பிடிக்கிறார்கள். ஒரு படம், படத்தோடு இடம், அது நாலு பேர் கைமாறினால் போதும். இவர்களுக்குள் ஒரு விதி உண்டு. கூட்டில் இருக்கும் பறவையைப் படம் எடுத்தாலும் பகிர்வதில்லை. ஆந்தைப் பொந்தின் தெருப்பெயர் சொல்வதில்லை. வல்லூறு உட்காரும் விளிம்பைப் படத்தில் அடையாளம் தெரியாமல் வெட்டிவிடுகிறார்கள். அதனால்தான் நானும் இங்கே எந்தக் குன்று, எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. படத்துக்காகக் கூட்டுக்கு அடியில் போய் நிற்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆசிரியருக்குக் கோபமே வந்துவிட்டது. பறவை நெடுநேரம் கூட்டைவிட்டு எழுந்து போனால் தை மாத வெயிலிலும் முட்டை கெட்டுவிடக்கூடும். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே பட்டது.

ஊருக்குள் திரும்பியபோது உச்சி வெயில். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். செம்பில் தண்ணீரும் தட்டில் கரும்புத் துண்டும் வந்தன. கொடுத்த அம்மாவிடம் டங்ஸ்டன் பற்றிக் கேட்டேன்.

"அது கெடக்கு. ஜனவரி ஏழாம் தேதி நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்தோம்ல. நானும் நடந்தேன். காலு வீங்கிப்போச்சு."

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியை மத்திய அரசு ஏலம் விட்டது. 2015 ஹெக்டேருக்குச் சற்று மேல். அரிட்டாபட்டியின் பல்லுயிர்த் தலமும் அந்த எல்லைக்குள் வந்தது. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. அதற்கு முன்பே கிரானைட் காலத்தில் இந்த மலைக்குக் கல் வெட்ட ஆள் வந்தபோதும் ஊர் நின்று தடுத்திருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் அந்தத் தொழில் குன்றுகளை என்ன செய்தது என்பதை வரும் வழியிலேயே பார்த்தோம். சதுரமாய் அறுக்கப்பட்டுப் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள்.

"பறவைக்காகத்தான் நின்னுபோச்சுன்னு பேப்பர்ல போட்டாங்களேம்மா?" என்றேன்.

"பறவைக்கும்தான், எங்களுக்கும்தான். மலை போனா சுனை போகும். சுனை போனா கண்மாய் போகும். கண்மாய் இல்லாம யாரு இருப்பா இங்க?" என்று சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து பேரனைக் கூப்பிட்டார். "இவெங்கிட்டக் கேளுங்க, இவெந்தான் பறவை பறவைன்னு சுத்துறான்."

எட்டாம் வகுப்புப் பையன். நாங்கள் காலையில் என்னென்ன பார்த்தோம் என்று விசாரித்தான். மாணவி செல்போனை நீட்டினாள், அவன் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தான். பெயர்களெல்லாம் தமிழில் வந்ததில் அவனுக்குச் சந்தோஷம். கடைசிவரை போனவன் நிமிர்ந்து, "கொம்பன் ஆந்தை போடலையே?" என்றான்.

"நாங்க பாக்கலையேப்பா."

"நான் நேத்து சாயங்காலம் பாத்தேன். ரெண்டு கொம்பு, ஆரஞ்சுக் கண்ணு. சத்தம் கூட கேட்டுச்சு, ஊ... ஊன்னு ஆழமா."

ஆசிரியர் அவன் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் பார்த்தாய், பாறையிலா மரத்திலா, உட்கார்ந்திருந்ததா பறந்ததா? ஒவ்வொன்றுக்கும் தயக்கமில்லாமல் பதில் வந்தது. பாறையில், இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆடு பத்தும்போது. தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்ததாம். எந்தப் பாறை என்று ஆசிரியர் கேட்கவில்லை. அவனாகச் சொல்ல வாயெடுத்தபோது, "அது உனக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

நேற்றும் கணக்கெடுப்பு நாள்தான். அதனால் அவன் பட்டியலை அவன் பேரிலேயே தனியாகத் தொடங்கலாம் என்றாள் மாணவி. பாட்டியின் செல்போனில் இணையக் கணக்குத் திறக்கும் வேலை ஆரம்பமானது. சிக்னல் திண்ணையில் வரவில்லை, கிணற்றடியில் வந்தது. நாங்கள் அனைவரும் கிணற்றைச் சுற்றி நின்றோம். ஆசிரியருக்கு மறுபடி போன் வந்தது. இந்த முறை, "இன்னும் அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு, பையனிடம் நேற்று அதே நேரத்தில் வேறு என்னென்ன பறவை பார்த்தாய் என்று கேட்க ஆரம்பித்தார். மயில், செம்போத்து, தவிட்டுக்குருவி என்று அவன் விரல் விட்டுக்கொண்டே வந்தான்.